ஆறுக்கு இரண்டு தட்டு

மும்பை லோக்கல் ரயிலில், முலுண்டில் ஏறினால் தாதர் வரைக்கும் எங்கள் பெண்கள் பெட்டியில் பஜனை நடக்கும். ஐந்து வருஷமாக ஜால்ரா என் கையில்தான் இருந்தது. வீட்டிலோ ஆபீஸிலோ என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அந்த நாற்பது நிமிஷம் மட்டும் நானும் ஒரு ஆள்.

பாண்டுப்பில் ஏறுகிற திருநெல்வேலிக்காரி ஒருத்தி அதைக் கெடுத்தாள். துணிக்கடையில் வேலை, வயதில் எனக்குச் சின்னவள். ஒருநாள் எனக்கு இருமல் வந்தபோது ஜால்ராவை வாங்கித் தட்டினாள். பாட்டை நடத்துகிற மராத்திக்காரம்மா கண்ணை மூடித் தலையாட்டினார். ஐந்து வருஷத்தில் எனக்கு ஒருமுறைகூட அந்தத் தலையாட்டல் கிடைத்ததில்லை. மறுநாளிலிருந்து ஜால்ரா அவளுக்குப் போயிற்று.

எனக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமைதோறும் மாட்டுங்காவில் கீபோர்டு கிளாஸுக்குப் போகிறவள் நான். நோட்ஸில் தாளக் குறியாக ஆறுக்குக் கீழே எட்டு என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: பெரிய தட்டு இரண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் சின்ன எண்ணிக்கை மூன்று. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க். எங்கள் பஜனைக்கும் அதே கணக்குதான். ஆனால் ஜால்ரா கைக்கு வந்ததும் ஒன்று விடாமல் ஆறையும் அடித்துவிடுவேன். எண்ணிக்கை எங்கே தப்பிவிடுமோ என்று பயம். பாடுகிறவர்கள் மூச்சு வாங்க இடமில்லாமல் திணறுவார்கள். அவளோ எதையும் எண்ணவில்லை. ஒன்றில் ஒரு தட்டு, நாலில் ஒரு தட்டு, நடுவில் இருப்பதைப் பாடுகிறவர்களுக்கு விட்டுவிட்டாள். படித்த எனக்கு வராதது இவளுக்கு எப்படி வரலாம்?

வியாழக்கிழமை தாதரில் இறங்குகிற தள்ளுமுள்ளில், மராத்திக்காரம்மாவின் துணிப்பையைப் பிடித்துக்கொள்கிற சாக்கில், அதிலிருந்த ஜால்ராவை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் பையைக் கொட்டித் தேடினார். வீட்டிலேயே விட்டிருப்பீர்கள் என்று நானே இந்தியில் ஆறுதல் சொன்னேன்.

அவள் பதறவில்லை. டிபன் டப்பா மூடியை எடுத்து விரலால் தட்ட ஆரம்பித்தாள். பெட்டியே சேர்ந்துகொண்டது. பக்கத்தில் நான் பையை மடியில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்த கோபத்தில் எண்ணுவதற்குக்கூட மறந்துபோயிற்று. காட்கோபர் தாண்டிய பிறகுதான் கவனித்தேன், என் குதிகால் தானாகவே எழும்பி விழுந்துகொண்டிருந்தது. கூடவே மடியும் பையும்.

அவள் தட்டுவதை நிறுத்தாமல் என் காதருகே குனிந்தாள்.

"யக்கா, இன்னைக்குத்தான் ஒங்களுக்குச் சரியா விழுது. பைக்குள்ள இருந்து நல்லா கேக்கு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜிப்பைத் திறக்கக் கையை வைத்தேன். அவள் தடுத்தாள்.

"வெளிய எடுக்காதிய. எடுத்தா பழையபடி எண்ண ஆரம்பிச்சிருவிய."