பின்பக்கமாக ஏறி வந்த பஸ்

மூடுபனிக்குள் முதலில் டீசல் வாசனை வரும். பிறகு, பக்கத்துக் காம்பராவின் கதவுகூடத் தெரியாத அந்த வெண்மையில், இரண்டு சிவப்பு வெளிச்சங்கள் மங்கலாக முளைத்து, மெல்ல மெல்லப் பெரிதாகி எங்கள் லயத்து வாசலில் வந்து நிற்கும். மற்ற ஊர்களில் பஸ் வரும்போது முன்விளக்குகள்தான் முதலில் தெரியும் என்பதை நான் பல வருடங்கள் கழித்து வேறு ஊரில்தான் கண்டேன். எங்களுக்குத் தெரிந்த பஸ், முதுகைக் காட்டிக்கொண்டே மலையேறி வந்த ஒன்று.

லுணுகலைக்கு மேலே ஏறும் தேயிலைத் தோட்டமொன்றின் கடைசி டிவிசன் எங்களுடையது. ஒற்றையறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்குக் கீழே கால் மைல் தூரத்துக்கு, நாங்கள் “டர்பன்டைன்” என்று சொல்லும் பைன் மரக்காடு. காட்டைத் தாண்டினால் முச்சந்தி. அங்கிருந்து ஒரு பாதை “ஸ்டோர்” என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் இன்னொன்று பிரதான வீதிக்கும் இறங்கும். காலைப் “பெரட்டு”க்கு ஆட்கள் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு கலைந்துவிட்டால், மாலை வரை லயத்தில் குழந்தைகளும் கோழிகளும் காற்றும்தான் இருக்கும். கீழ் டிவிசன் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படிக்கலாம். அதற்குப் பிறகு ஆண்பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் பெண்பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கும் போவார்கள். யாரும் அதைத் துக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா செல்வி கணக்கில் நல்ல பெறுபேற்றோடு தேறிய வருடம், உயர்தரம் படிக்க வேண்டுமென்றால் பதுளைக்குப் போக வேண்டும், விடியுமுன்னே புறப்பட வேண்டும் என்று அவளுடைய ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கிளீனர். லொறியின் பின்னால் நின்று “வா, வா, ஒடி, நேரா” என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். முந்தைய வருடம்தான் டர்பன்டைன் காட்டில் விடியற்காலையில் ஒரு பெண்ணைக் காட்டுப்பன்றி கிழித்துப் போட்டிருந்தது. அப்பா, “லயத்து வாசலுக்கு பஸ் வந்தா இவ படிக்கட்டும் சார். வரலைனா திருவிழாவுக்கு வர்ற மாமாகூட கொழும்புக்குப் போகட்டும்” என்றார்.

ஆசிரியர் போனதும் அம்மா, “இல்லைன்னே சொல்லியிருக்கலாமே. அதுக்கு எதுக்கு பஸ்ஸ இழுக்குறீங்க?” என்றாள்.

அந்த மலைக்கு பஸ் வந்ததே இல்லை. ஆனால் எங்கள் டிவிசன் தொழிற்சங்கத் தலைவர் அதற்காக பஸ் டிப்போவுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். நோயாளிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதை எத்தனை நாளைக்குச் செய்வது என்பது அவருடைய கேள்வி. பஸ் திரும்புவதற்கு இடமிருந்தால் அனுப்பலாம் என்று ஒருவழியாக அங்கே சொன்னார்கள். லயத்து முனையில் புல் மண்டிக் கிடந்த துண்டு நிலத்தை வெட்டிக்கொள்ளத் தோட்டத்துத் துரையும் சம்மதித்தார். ஒரு தேயிலைச் செடியின் மீதும் கை படக்கூடாது என்பதுதான் நிபந்தனை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. ஆண்கள் அலவாங்கால் பாறையை நெம்பினார்கள், பெண்கள் கொழுந்துக் கூடைகளில் மண் சுமந்தார்கள், நாங்கள் கல் பொறுக்கினோம். கச்சான் காற்று அந்தச் செம்மண்ணை அள்ளி எங்கள் தலைமுடியிலும் சோற்றிலும் போட்டது. முதல் ஞாயிறு அப்பா வரவில்லை. அடுத்த ஞாயிறு அலவாங்கோடு வந்து நின்றார். அக்கா அவருக்கு எதிர்ப்பக்கமாக நின்று மண் சுமந்தாள்.

எவ்வளவு வெட்டுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அவர் கொழுந்து லொறியை மேலே வரவழைத்தார். நடுவில் நின்று கையைக் காட்டினார். லொறி ஒரே மூச்சில் திரும்பியது. ஒரு பக்கம் பாறையையும் மறுபக்கம் தேயிலையையும் அது தொடவில்லை. தேங்காய் உடைத்தார்கள். எங்களில் யாரும் அந்த லொறியைவிடப் பெரிய வாகனம் எதையும் அந்தப் பாதையில் பார்த்ததில்லை.

திருவிழாவுக்கு முந்திய நாள் பஸ் வந்தது. கொழும்பிலிருந்து வந்த மாமாவும் கீழே அதே பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினார். சிவப்பு பஸ் வாசலில் நின்றபோது லயமே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அது அத்தனை நீளம். டிரைவர் சிங்களவர், நரைத்த மீசைக்காரர். முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தார். பின்பகுதி பாறையில் இடித்தது, முன்சக்கரம் தேயிலை ஓரத்து மண்ணைச் சரித்தது. கடைசியில் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

“லொறி கட்டை தானே. பஸ் நீளம்” என்றார்.

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அளக்குறப்ப பஸ்ஸ மறந்துட்டீங்களா மச்சான்?” என்றார். அக்கா காம்பராவுக்குள் போய்விட்டாள். கொழும்புக்கு எடுத்துப் போக மாமா அவளுக்காக வாங்கி வந்திருந்த புதுப் பை வாசற்படியிலேயே கிடந்தது.

டிரைவர் டீ குடித்துக்கொண்டே பாதையைக் கீழ்நோக்கிப் பார்த்தார். இன்றைக்கு எப்படியோ பின்பக்கமாகவே இறக்கிவிடலாம், தினமும் அப்படி இறக்குவதுதான் ஆபத்து, ஏற்றுவது அவ்வளவு இல்லை என்றார். முச்சந்தியில் தாராளமாகத் திரும்பலாம். அங்கிருந்து பின்பக்கமாக ஏறி வந்தால், ஆட்களை ஏற்றிக்கொண்டு நேராக இறங்கிவிடலாம். “ஆனா ஒரு ஆள் வேணும். டோர்ச் புடிச்சு பின்னால நடக்கணும். டெய்லி, மழைன்னாலும். யாரு வருவாங்க?”

பெரட்டுக்கு முன்னால், அந்த இருட்டில், பன்றி திரியும் காட்டுக்குள் தினமும் இறங்கிப் போவதற்கு யாரும் முன்வரவில்லை. தலைவர்கூடத் தன் கால்வலியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“நான் வர்றேன் மாத்தயா” என்றார் அப்பா.

திருவிழா முடிந்து மாமா தனியாகவே திரும்பினார். பையை அக்காவிடம் விட்டுப் போனார். அது அவளுடைய புத்தகப் பையாயிற்று.

முதல் நாள் நான் தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நின்றேன். காட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல்தான் முதலில் கேட்டது: “வா, வா, ஒடி, நேரா, நேரா.” அவர் டோர்ச்சைப் பிடித்தபடி பின்னோக்கியே நடந்து வந்தார், பஸ் அவரைத் தொடர்ந்து வந்தது. மழைக்காலம் வந்து, “மந்தாரம்” என்று நாங்கள் சொல்லும் மூடுபனி கவிந்தபோது ஆளும் தெரியவில்லை, பஸ்ஸும் தெரியவில்லை. குரல் ஒன்றும் இரண்டு சிவப்பு வெளிச்சங்களும் தாமாகவே காற்றில் ஏறி வருவதுபோல இருந்தது. படுக்கையில் கிடந்து அதைக் கேட்டபடியே நான் மீண்டும் தூங்கிப் போவேன்.

ஒருநாள் அம்மா கேட்டாள். “எப்பிடியும் காட்டுக்குள்ள நடக்குறீங்க. இவளையும் சந்திக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஏத்திவிட்டா என்ன? பஸ்ஸ எதுக்கு இம்புட்டுத் தூரம் முதுகால இழுத்துக்கிட்டு வர்றீங்க?”

“இவ நடப்பா. காய்ச்சக்காரன் நடப்பானா? புள்ளத்தாச்சி நடப்பாளா?” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து, “வாசலுக்கு வரும்னு சொன்னேன், வருது” என்றார்.

அக்கா உயர்தரம் எழுதி முடித்த பிறகும் அவர் நடந்தார். அந்த பஸ்ஸில்தான் அவள் ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள், பின்னர் நானும் வேலைக்குப் போனேன், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். பாதைக்குத் தார் போட்டிருக்கிறார்கள். பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் வெட்டிய இடத்தில் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. ஏறுவதற்கு ஆளில்லாமல் பஸ் நின்றுபோய்விட்டது. எப்போது நின்றது என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் நினைவில்லை. அக்கா பண்டாரவளையில் கணக்கு ஆசிரியை. பண்டிகைகளுக்குப் பிள்ளைகளோடு வந்து, மாலையிலேயே திரும்பிவிடுகிறாள்.

பழைய தலைவர் எங்கள் வாசலில் அப்பாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு மனத்தாங்கல் பொங்கிவிட்டது; அப்பாவின் பக்கம் திரும்பினார். “எத்தன புள்ளைங்கள ஏத்தி அனுப்புன? அந்த பஸ்ஸு ஒரு புள்ளயயாவது கொண்டாந்து விட்டுச்சா?”

அப்பா டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

“திரும்பி வர்றதுக்கா தலைவரே, நான் டோர்ச் புடிச்சேன்?”