இடுப்புக்கு இறங்கிய கூடை

ஆம்பூருக்கு மதராஸ் பேப்பர் ரயிலில் வரும். சீமையில் தோல் விலை ஏறியதா, இறங்கியதா என்று ஆண்கள் அதில் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் யாருக்குப் பிரசவம், எந்த வீட்டுச் சம்பந்தப் பேச்சு பாதியில் நின்றது என்பதெல்லாம் பேப்பரில் வராது. அதற்குச் சுகரா பீ வரவேண்டும்.

வளையல்காரி சுகரா பீக்குத் தெருவில் திறக்காத கதவு கிடையாது. மூங்கில் தட்டிக்குப் பின்னாலேயே நாளைக் கழிக்கும் பெண்கள் அவள் குரல் கேட்டதும் பாய் விரிப்பார்கள். கையைப் பிடித்து, சோப்பு நுரை தடவி, எலும்பு நோகாமல் வளையலை ஏற்றிக்கொண்டே சேதி சொல்லுவாள். சொல்லலாம் என்று அந்தந்த வீட்டார் விட்டதை மட்டும்தான் சொல்லுவாள். உள்ளே கண்டது உள்ளேயே கிடக்கும். அதனால்தான் உள்ளே விட்டார்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் யார் அனுமதியும் வேண்டாம். சாவோ கெட்ட நோயோ புகுந்த வீட்டிலிருந்து வந்தால், அவள் வளையல் கூடையைத் தலையில் வைக்கமாட்டாள். துணியால் இறுக்கிக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பாள். அன்றைக்கு எங்கேயும் கூடை திறக்காது. அவள் தாயும் அப்படித்தான் நடந்தாள். கூடை இடுப்பில் இருந்தால் தெரு புரிந்துகொள்ளும்.

தோல் கிடங்கு நசீர் அகமது வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண்ணுக்குப் போட்ட கையோடு தெருப் பெண்கள் எல்லோருக்கும் கல்யாண வீட்டுச் செலவில் வளையல் போடுவது வழக்கம். கூடை நிறையப் பச்சையும் சிவப்புமாக அடுக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள் சுகரா பீ.

பெண்ணின் கையைத் தொடுமுன் கை கழுவக் கொல்லைப்புறம் போனாள். அங்கேதான் கிணறு. தோல் பதனிடும் கிடங்குகளின் உப்பு இறங்கி மற்றக் கிணறுகளெல்லாம் வாயில் வைக்க முடியாமல் போனபிறகு, தெருவே அந்த ஒரு கிணற்றைத்தான் குடித்தது. விறகுக் கொட்டகையிலிருந்து முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வேலைக்காரப் பெண் சகீனா பாயில் கிடந்தாள். கண் குழிவிழுந்து, உதடு வெளுத்து, தண்ணீர் தண்ணீர் என்றாள். போன மாதம் சோப்புப் போட்டு அழுத்தி ஏற்றிய வளையல்கள் இப்போது தாமாகவே நழுவி அவள் விரல்களில் வந்து நின்றன. அவளுடைய நனைந்த துணிகளைக் கிணற்று மேடையிலேயே யாரோ அலசிப் போட்டிருந்தார்கள். மேடையில் நீளமாக ஒரு வெடிப்பு. அலசிய தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பாக்கறே?"

பின்னால் வீட்டுக்காரி அக்தரி பேகம் நின்றிருந்தாள்.

"பேதி பீபி. டாக்டரைக் கூப்டுங்க."

"நேத்து கறிய ஜாஸ்தி தின்னுட்டா. வேற ஒண்ணுமில்ல."

"கறி தின்னா கை இப்படி வத்தாது."

அக்தரி பேகம் கொட்டகைக் கதவைச் சாத்தினாள். "டாக்டர் வந்தா பின்னாடியே சுகாதாரக்காரன் வருவான். கிணத்துல செகப்பு மருந்து கொட்டுவான். வேலூர்லேர்ந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு வண்டியத் திருப்பிக்கினு போய்டுவாங்க. எம் பொண்ணுக்கு இது ரெண்டாவது பேச்சு, உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடியட்டும். நானே இவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்."

"அதுவரைக்கும் தெரு குடிக்கற தண்ணி?"

"கிணத்துக்கு இன்னா வந்துது? பேஜார் பண்ணாத சுகரா." குரல் தணிந்தது. "இத்தினி வருஷமா இந்த வீட்டுக்குள்ள வர்றே. ஒரு பேச்சு வெளிய போனதில்ல. இன்னிக்கும் போகாது, இல்ல?"

"போகாது பீபி."

வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய். அவள் யோசிக்குமுன் அது சொல்லிவிட்டது.

கல்யாணப் பெண்ணின் கை குளிர்ந்து, மெத்தென்று இருந்தது. அந்தக் கையில் ஏற்றும்போதே சுகரா பீ இரண்டு வளையல்களை உடைத்துவிட்டாள். "வளையல்காரிக்கு வயசாய்டுச்சு," என்று உறவுக்காரிகள் சிரித்தார்கள். அக்தரி பேகம் சிரிக்கவில்லை. கூடையை மூடியதும் வாசல்வரை கூடவே வந்தாள். வேறு யாரையும் கூப்பிடாமல் தானே குனிந்து, கூடையைத் தூக்கிச் சுகரா பீயின் தலையில் வைத்தாள். இரண்டு கையாலும் அழுத்தி வைத்தாள்.

"போய்ட்டு வா. எல்லாருக்கும் நல்லாப் போடு."

தெருவில் இறங்கினாள். என்றைக்கும் அந்தக் கூடை அவ்வளவு கனத்ததில்லை. தட்டிகளுக்குப் பின்னால் குசுகுசுப்பு. கல்யாண வளையல் வருகிறது. இந்த வீட்டுக் கதவு மூடினால் இன்னும் எத்தனை கதவுகள் மூடும் என்று அவளுக்குத் தெரியும். கிடங்கு வீட்டம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எதிர்வீட்டு அஃப்ஸர் ஜஹான் தட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். இடுப்பில் குழந்தை.

"வா வா. பெரிய வீட்டுக் காசு, எனக்கு முழங்கை வரைக்கும் போட்டுடு. சேதி இன்னா? மாப்பிள்ளைக்கு வழுக்கைன்றாங்களே, நெஜமா?"

சுகரா பீ வாசலைத் தாண்டவில்லை.

"வெயில்ல வந்திருக்கே. மொதல்ல தண்ணி குடி." அஃப்ஸர் ஜஹான் பித்தளைக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். சுகரா பீ வாங்கவில்லை. குழந்தை கையை நீட்டிச் சொம்பைத் தன் பக்கம் இழுத்தது.

"உனக்கு வேணுமாடா? குடி."

சொம்பு குழந்தையின் வாய்க்குப் போயிற்று.

சுகரா பீ அதைத் தட்டிவிட்டாள். சொம்பு உருண்டு தெருவில் விழுந்தது. குழந்தை வீறிட்டது. சுகரா பீ கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். தோளில் கிடந்த துணியால் அதை நான்கு பக்கமும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். இடுப்பில் வைத்தாள்.

"யாரு?" என்றாள் அஃப்ஸர் ஜஹான். "எந்த வூட்ல?"

சுகரா பீ கூடையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். காலையிலிருந்து அவள் போனது ஒரே வீடு. அது எதிரே வாழைமரம் கட்டி நின்றது. அஃப்ஸர் ஜஹானின் பார்வை அந்த வீட்டுக்குப் போயிற்று, பிறகு குடத்துக்கு வந்தது. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு, குடத்தைத் தூக்கி வாசலில் கவிழ்த்தாள்.

சுகரா பீ மெதுவாக நடந்தாள். வழக்கமாகத் திரும்பும் சந்தில் திரும்பாமல், கடைசி வீடுவரை நடுத்தெருவிலேயே போனாள். கூடை எல்லோருக்கும் தெரியும்படி இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு தட்டியாக உயர்ந்தது. அஃப்ஸர் ஜஹான் வாசலில் கவிழ்ந்த குடத்தையும் எல்லோரும் பார்த்தார்கள். திரும்பி வருகையில் தெரு நனைந்திருந்தது. வீடுவீடாகக் கவிழ்த்த தண்ணீர் கல்யாண வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடிற்று. தட்டிக்குப் பின்னால் அக்தரி பேகத்தின் வெள்ளைத் துப்பட்டா தெரிந்தது. அது அசையவில்லை. சுகரா பீயும் தலையைக் குனியவில்லை.

சாயங்கால அஸர் தொழுகைக்குள் சேதி ஆண்களுக்குப் போய்விட்டது. சுகாதாரக்காரன் வந்தான், கிணறு சிவந்தது. சகீனாவை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள். அந்த வீட்டுச் சமையல்காரி பிழைக்கவில்லை. தெருவில் ஒரு கிழவர் படுத்து எழுந்தார், அவ்வளவுதான். வேலூர் வண்டி மட்டும், அக்தரி பேகம் பயந்தபடியே, சேதி கேட்டுப் பாதி வழியில் திரும்பிற்று.

கூடை ஊருக்கு நல்லது செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் போகாது என்று சொன்ன வாய் அவளுடையது என்பதையும் அக்தரி பேகம் தெருவுக்குச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விறகுக் கொட்டகை இருக்கத்தானே செய்கிறது. அடுத்த மாதம் சுகரா பீ வந்தபோது யாரும் பாய் விரிக்கவில்லை.

அஃப்ஸர் ஜஹான் மட்டும் குரல் கொடுத்தாள். அவளும் தட்டியைத் தூக்கவில்லை. மூங்கில் இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்தது.

"அங்கியே உக்காந்து போடு சுகரா. உள்ள மெழுகியிருக்கு."

"சரிம்மா."

"சேதி இன்னா?"

"வாசல்ல உக்காந்திருக்கறவளுக்கு இன்னா சேதி தெரியும்?"

உள்ளே சிரிப்பு ஒன்று பாதியில் நின்றது. சுகரா பீ அந்தக் கையைப் பிடித்து நுரை தடவினாள். மணிக்கட்டு லேசாக ஊதியிருந்தது, உள்ளங்கையில் புதுச் சூடு. இரண்டாவது பிள்ளை. வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டாள்.

எடுத்த வளையலைக் கூடையில் திரும்ப வைத்தாள். கொஞ்சம் பெரிய அளவாகத் தேடி எடுத்து, ஒன்றும் பேசாமல் ஏற்றினாள்.