அளந்தது வரைக்கும்

புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, விட்டுவிட்டு, அது படியும்வரை வாய்க்குள் எண்ணுகிறார். கூட்டத்தில் மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தாலும் சரி, மாடிப்படியில் யாராவது நலம் விசாரித்தாலும் சரி, எண்ணிக்கை நிற்காது. தன் கை அலுத்துப்போனால் பக்கத்து நாற்காலிக்காரரின் கை. அலுவலகத்தில் அவருக்குக் 'கிள்ளு மேடம்' என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "பேர் வைக்கவாவது நேரம் கிடைக்குதே உங்களுக்கு" என்பதோடு சரி.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஜன்னல் திறக்க வராத ஓர் அறையில் வேலை. கத்தி வைப்பதற்கு முன்னால் டாக்டர்கள் வந்து கேட்பார்கள்: இந்தச் சதையை இவ்வளவு இழுத்துத் தைத்தால் தாங்குமா? ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டுத் திசுவை இழுத்து அளந்த எண்களைக் கொண்டு, கணினிக்குள் அதே குணமுள்ள வயிற்றுச் சுவரைக் கட்டி, இழுத்து, தைத்து, இருமக்கூட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"ரப்பர்னு நெனைக்காதீங்க. சதை நல்ல மனுஷங்க மாதிரி. கொஞ்ச தூரம் இழுத்த இழுப்புக்கு வரும். அப்புறம் முறுக்கிக்கும்."

கணவரைப் பற்றியும் இதையேதான் சொல்வார். "கொஞ்ச தூரம்னா எவ்வளவுன்னு கேளுங்க. அதுக்கும் ஒரு கணக்கு வச்சிருப்பா" என்பார் கணவர்.

வேலைக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன சொல்லை ஒருமுறைகூடத் திரும்ப வாங்கியதில்லை. அந்தப் பெருமை உண்டு. கொசுறாகக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வாரம் குடலிறக்கத்தோடு வந்த ஒரு பஸ் டிரைவருக்கு, "தாங்கும்" என்று எழுதிக் கொடுத்தார். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்று கணினி வரைந்த கோடு அத்தனை அழகு. அளந்த புள்ளி ஒன்றுகூட அதைவிட்டு விலகவில்லை. அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். யானைக்கு அடி சறுக்கியது அங்கேதான். ஆபரேஷனுக்கு முதல் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அண்ணாந்தபோது கண்ணில் பட்டது: திசுவை அளந்தது ஐந்தில் ஒரு பங்கு நீளும்வரை மட்டுமே. தையல் இழுக்கப்போவதோ அதைப்போல இரண்டு மடங்கு. மிச்சத் தூரத்துக்குக் கோடு தன்பாட்டுக்குக் குஷியாக ஓடியிருந்தது. நிஜச் சதை அங்கே முறுக்கிக்கொள்ளும். நூல் அதை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஊருக்கெல்லாம் சொல்லும் பாடத்தைத் தானே மறந்திருந்தார்.

டாக்டருக்குப் போன் போட்டார்.

"தாங்கும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன் டாக்டர். தப்பா சொல்லிட்டேன். அளக்காத தூரத்துக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன். அப்படித் தைக்காதீங்க."

"ஆளை அட்மிட் பண்ணியாச்சு. சரி, தள்ளி வைக்கிறேன். அவர் சம்சாரம் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"மூணாவது மாடியில இருக்கிற அம்மா தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுச் சுவரிலிருந்த தாளைப் பிய்த்தெடுத்தார். மேஜைமேல் விரித்து, கடைசிப் புள்ளியை ஒட்டி மேலிருந்து கீழாகக் கத்தரித்தார். புள்ளிகள் இருந்த பாதித் தாளை மட்டும் மறுபடி அதே இடத்தில் ஒட்டினார்.