நாலாவது தூணின் சத்தம்

பூங்கா நடுவில் மழைக்கு ஒதுங்கும் மண்டபம் ஒன்று இருந்தது. எட்டு மரத்தூண், ஓட்டுக்கூரை, நூறு வயசு. அதைப் பழுதுபார்க்க வந்த தச்சருக்குப் 'பிடிவாதம்' என்று பட்டப்பெயர். பழைய மரத்தில் ஒரு சிராய்கூட வீணாக எடுக்கமாட்டார். உளுத்த இடத்தை மட்டும் வெட்டி, அதே இன மரத்தில் ஒட்டுப்போட்டு, இணைப்புத் தெரியாமல் இழைத்துவிடுவார்.

வேலையைக் குத்தகை எடுத்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன்.

"எட்டையும் பிடுங்கிட்டு இரும்புக்குழாய் நட்டு மரக்கலர் அடிச்சா பத்து நாள்ல முடிஞ்சிரும் மாப்ளே. நீங்க என்னடான்னா மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறீங்க."

"அப்ப அது வேற மண்டபம் மச்சான். இதைத்தானே காப்பாத்தச் சொன்னாங்க."

நாலாவது தூணில்தான் சறுக்கினார். மற்றதில் எல்லாம் தேய்ந்துபோன கொடிச் செதுக்கல் அதில் மட்டும் உச்சியிலிருந்து அடிவரை முழுசாக இருந்தது. சுத்தியலால் தட்டினார். இடுப்புயரத்தில், உள்ளே காலியாக இருப்பதுபோல ஒரு சத்தம். துளை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். செதுக்கலில் ஓட்டை விழுமே என்று மனசு வரவில்லை. வெளியே கல்லு மாதிரி இருக்கே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனார்.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் காற்றோடு மழை பிடித்தது. பூங்காக் காவலாளி வழக்கம்போல மண்டபத்தில் ஒதுங்கினார். நாலாவது தூண் இடுப்புயரத்தில் முறிந்து, கூரையின் ஒரு மூலை அவர்மேல் சரிந்தது. உயிர் தப்பியது. வலது தோள் நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் தச்சரை ஓரமாக இழுத்தார். "காத்தடிச்சது, விழுந்தது. யார் கேட்டாலும் அவ்வளவுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க."

வீட்டில் தச்சருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள்.

"அந்தத் தூணைத் தட்டிப் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன். சத்தம் சரியில்ல. தெரிஞ்சுதான் விட்டேன்."

அவள் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "சொன்னா அண்ணன் நம்ம வாசப்படி மிதிக்கமாட்டார். அதுக்காக முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் பூங்கா அலுவலகத்தில் பொறியாளர் அம்மாவிடம் நடந்ததை எழுதியே கொடுத்தார். அந்த அம்மா இரண்டு தடவை படித்தார். "வேலையை விட்டு ஓடிடலாம்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு தூணையும் துளைபோட்டுப் பாருங்க. அழகெல்லாம் அப்புறம்."

துளைத்ததில் ஆறாவது தூணும் உள்ளே கூடாகியிருந்தது. இரண்டையும் புது மரத்தில் செய்தார். நாலாவதின் கொடிச் செதுக்கலை மட்டும் மேலோடு சீவியெடுத்துப் புதுத் தூணில் பதித்தார். மனைவி சொன்னபடியே, மச்சான் சொந்தத் தங்கையிடம்கூடப் பேச்சை நிறுத்தினார்.

மண்டபம் திறந்த மறுநாள் தச்சர் காவலாளி வீட்டுக்குப் போனார். காவலாளிக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. சட்டைப் பித்தானை மகள் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மண்டபம் பழையபடியே வந்திருக்காமே," என்றார் காவலாளி.

"ஒரு தடவை வந்து பாருங்கண்ணே."

"வெளியே நின்னு பார்க்கிறேன். அதுக்கடியில இனி ஒதுங்கமாட்டேன் தம்பி."

கோபமில்லாமல்தான் சொன்னார். தச்சர் தலையாட்டினார், கொண்டுபோன பழங்களை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.