‘போட்டு வாறன்’ என்று போனவன்

“அங்கிள், அப்பா போயிட்டார்” என்று சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியிலிருந்து நேசனின் மகள் தொலைபேசியில் சொன்னாள். “இந்த முறை எந்தக் கிளப்புக்கு?” என்று கேட்க வாய் எடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

எழுபதுகளில் அவனோடு விளையாடிய உங்களுக்கு இது விளங்கும். இறந்தவனை ‘அவர்’ என்று எழுத வேண்டுமாம், எனக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் விக்கெட் காத்தவன், இங்கே பேஸ்பாலில், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சர் ஆனான். கூப்பிட்ட கிளப்புக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போவான். சிட்னி, மெல்பேர்ன், மறுபடி சிட்னி. “முழங்கால் மடங்குமட்டும்தான் கேட்சருக்குச் சோறு, மச்சான்” என்பான்.

எங்கள் கிளப்பில் நான் பந்தெறிபவன். எப்படி எறிவது என்று மற்றக் கேட்சர்கள் விரலால் சாடை காட்டுவார்கள். நேசன் தமிழில் கத்துவான். நேரே வேகமாக எறிய “போறன்”. விலகிப் போவதுபோல் போய் வளைந்து வரும் பந்துக்கு, நாம் விடைபெறும்போது சொல்லும் “போட்டு வாறன்”. “போறன் எண்டால் போனதுதான். போட்டு வாறன் எண்டால் திரும்பி வரும். வெள்ளையளுக்கு இது எங்கை விளங்கப்போகுது?” என்று சிரிப்பான்.

பருவம் பாதியில் இருக்கும்போது ஒருநாள், மைதான வாசலில் நின்று, “போட்டு வாறன், மச்சான்” என்றான். நம்பினேன். இறுதியாட்டத்தில் எங்களோடு மோதவிருந்த கிளப்பில்தான் போய்ச் சேர்ந்திருந்தான்.

அந்த ஆட்டத்தில் என்னைப் பார்க்க மாநில அணித் தேர்வாளர்கள் வருவதாக இருந்தது. சொற்களை மாற்றிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். “அவன் எதை விற்றாலும் தமிழை விற்க மாட்டான்” என்று வீறாப்பாக மறுத்தேன்.

எங்கள் புதுக் கேட்சர் ஓர் ஆஸ்திரேலியன். கற்றுக்கொடுத்தபடி, “பொட்டு வாரன்” என்று கத்தினான். உடனே எதிரணி வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, “போட்டு வாறன்!” என்று கூவினார்கள். எங்கள் கேட்சரைவிட அவர்களுக்கு உச்சரிப்பு நன்றாக இருந்தது. பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. அதற்குப் பிறகு எறிந்தவையும் அப்படித்தான். தேர்வாளர்கள் பாதியில் எழுந்து போனார்கள். பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை.

பல வருடங்கள் கழித்து ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடையில் வைத்து, ஏன் காட்டிக்கொடுத்தாய் என்று அவனிடம் கேட்டேன். “நான் கூலிக்கு விளையாடுறவன். கிளப் கேட்டது, குடுத்தன். நீ ஏன் சொல்லை மாத்தேல்லை?” என்று லட்டைக் கடித்தான். பிழை என்னுடையதாம்! நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன் பேசும் பேச்சா இது?

அவனால் ‘போட்டு வாறன்’ என்ற சொல்லையும் இழந்தேன். அதன்பிறகு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. “போறன்” என்றே புறப்படுவேன். அபசகுனம் என்று மனைவியிடம் திட்டும் வாங்குவேன்.

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும் வழக்கம் நமக்கில்லை. ஆனாலும் பெட்டியருகே குனிந்து, “போட்டு வாறன், மச்சான்” என்றேன். ஒருமுறை அவனும் நம்பட்டும்.