தரையில் படாமல் போன கண்ணாடி

திருப்பதியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் மகனும் மருமகனும் டிவி முன்னால் உட்கார்ந்து, பார்சல் கொண்டு போகும் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு பொம்மை ஆட்கள். ஒரே பெட்டியை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துத் தூக்கிப்போய் ஒரு வீட்டு வாசலில் சேர்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அவர்கள் உடம்பில் எலும்பே இல்லை போலிருக்கிறது. கால் பின்னுகிறது, வேன் கவிழ்கிறது, பெட்டி உருண்டு குளத்துக்குள் போகிறது.

"வுட்றாத மாமா" என்று மகன் கத்த, "நீ மொதல்ல திரும்புடா மச்சான்" என்று மருமகன் கத்த, மகள் வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள்.

எனக்கோ அந்த விளையாட்டை உண்டாக்கியவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அவர் ஒருமுறையாவது இன்னொருவரோடு சேர்ந்து கனமான எதையோ தூக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது சித்தியை நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். சீரில் மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்து, ஆள் உயரக் கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள் மட்டும் பாக்கி. புறப்பட்ட சீர் மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் இறங்க வேண்டும், வழியில் தரையில் படக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். பெண்ணின் அண்ணனும் வீட்டின் மூத்த மருமகனும் சேர்ந்துதான் கொண்டுபோக வேண்டும். அதாவது என் மாமாவும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பாவும்.

அவர்கள் இருவரும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பங்கு மோட்டாரில் தண்ணீர் விடுவதில் வந்த சண்டை. அதிலிருந்து அம்மா பிறந்த வீட்டுப் படி ஏறவில்லை. வீடோ பக்கத்துத் தெரு. தங்கை கல்யாணத்துக்குக்கூட அயலார் மாதிரி மண்டபத்துக்கு வந்து, சாப்பிட்டுத் திரும்பினாள்.

இருவருக்கும் நடுவில் பேச்சுக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் அண்ணன் கூவினால் ஊர்க்கோடி வரை கேட்கும். ஆனால் அம்மா என்னைத்தான் டிராக்டரில் ஏற்றினாள். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காத காலம் அது.

நாகலாபுரத்தை நெருங்கும்போது ஆற்று மணலில் டிராக்டர் புதைந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து நின்றார்கள்.

"ரெண்டு பேரும் ஊமையா? இப்படியே நின்னுகினு இருந்தா நான் வூட்டுக்குப் போறேன்" என்றார் டிரைவர்.

மேஜையைப் படுக்க வைத்த வாக்கில் தூக்கினார்கள். நைனா முன் முனையில், மாமாவைப் பார்த்தபடி பின்னால் அடி எடுத்து வைத்தார். முழங்கால் அளவு தண்ணீர். மேலே பார்த்த கண்ணாடியில் வானம் முழுதும் அசைந்து அசைந்து போனது. நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

"உங்க நைனாவுக்குப் பின்னால பள்ளம் கீதுன்னு சொல்லு" என்றார் மாமா.

சொன்னேன். தண்ணீர்ச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

"சொன்னியா?"

தலையாட்டினேன். அதற்குள் நைனாவின் கால் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கண்ணாடியில் இருந்த வானம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"மாமா, பள்ளம். கைய வுட்றாத."

"நான் எங்கடா வுடறேன், நீ தூக்கிப் புடி மச்சான்." நைனா மார்பளவு தண்ணீரில் நின்று, தன் முனையைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பலத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மாமா மெல்ல மெல்லப் பின்வாங்கி அவரை மேட்டுக்கு இழுத்தார்.

அதன்பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. கரை வரைக்கும் ஒரே சண்டை.

"அன்னிக்கு மோட்டார நிறுத்தினது நீதான மாமா?"

"நான் எங்க நிறுத்தினேன், ஃபியூஸு போச்சு."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா?"

ஒருவர் கோபித்துக்கொண்டு போகலாம் என்றால் கை மேஜையில் இருந்தது. அப்படியே திட்டிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டு வாசல் வரை தூக்கிப்போய் இறக்கினார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

மணலிலிருந்து மீட்ட டிராக்டரில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. எனக்குக் கொடுத்த ஒரே வேலையைக் கெடுத்துவிட்டேன், அடி நிச்சயம் என்று நினைத்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நைனாவும் மாமாவும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தபடி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு என்னிடம் குனிந்தாள்.

"நீ சொன்னது அவங்களுக்குக் கேட்டுதா?"

"கேக்கல" என்றேன்.

அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் யாரும் என்னைத் தூக்குவதில்லை. கண்ணாடி உடையாமல் போன சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். என்னை இறக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருந்த தன் பிறந்த வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.