துரை சொன்ன சாட்டர்னைன்

யுத்தத்துக்கு முந்தி ஒரு நாள், மதுரையிலிருந்து வாடிப்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரே சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நீண்ட முகம், சிரித்துப் பழகாத உதடுகள். நான் இங்கிலீஷ் வாத்தியார் என்று தெரிந்ததும் சட்டென்று திரும்பினார்.

“அய்யா, சாட்டர்னைன்னா என்ன அர்த்தம்?”

அவர் ஒரு வெள்ளைக்கார துரையிடம் குமாஸ்தாவாம். காலையில் துரை எல்லார் முன்னாலும் அவரை அப்படிச் சொல்ல, ஆபீசே சிரித்திருக்கிறது.

“வேலையே வேணாம்னு வந்துட்டேன். என்ன சொல்லித் திட்டுனாகன்னு வீட்டுல கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?”

அது வசவில்லை, எப்போதும் முகம் வாடியிருப்பவரை அப்படிச் சொல்வார்கள் என்றேன். சாட்டர்ன் என்றால் சனி கிரகம். சனியின் பார்வையில் பிறந்தவர்கள் கலகலப்பில்லாமல் இருப்பார்கள் என்று அந்தக் காலத்தில் அவர்களும் நம்பியதால் வந்த சொல் அது.

அவர் என்னையே பார்த்தார்.

“வெள்ளைக்காரனையும் சனி பிடிக்குமா?”

“பிடிக்கும்னுதான் நம்பியிருக்காக.”

சமயநல்லூரில் பஸ் நின்றதும் எழுந்துவிட்டார்.

“வாடிப்பட்டி இன்னும் வரலையே?”

“ஆபீசுக்கே திரும்பிப் போறேன் அய்யா. எனக்கு ஏழரை நடக்குறது என் வீட்டுக்காரிக்கே தெரியாது. ஜாதகம் பாக்காம துரைக்கு எப்பிடித் தெரிஞ்சது? கேட்டுட்டு வாரேன்.”

எங்கள் பஸ் நகர்ந்தபோது, அவர் சாலையைக் கடந்து மதுரைப் பக்கம் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தார். அந்தத் துரை என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.